அவன் பெயருக்கு நேரே ஏறும் எண்

பெம்பான், ஜாசின்
28 ஜூலை 2025

பெருமதிப்பிற்குரிய மருமகள் ஷாந்தினி அவர்களுக்கு,

மாமியார் கமலவேணி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் பெற்றோரின் நலத்தையும் விழைகிறேன்.

இம்மாதத் தொடக்கத்தில் தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்திக்கு இவ்வளவு காலம் தாழ்த்தி மறுமொழி எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். "அத்தை, அந்த ஃபேமிலி பிளான ஆகஸ்ட் கடைசில மூடப் போறேன். அவர் அக்கவுண்ட்ல உள்ளத எடுத்து வெச்சிக்கோங்க" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். படித்தேன், பொருள் விளங்கவில்லை. விளங்காத ஒன்றுக்கு மறுமொழி எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. விளங்கிக்கொள்ளவே இத்தனை நாள் ஆயிற்று. இடையில் அழைத்தும் பார்த்தேன். தாங்கள் எடுக்கவில்லை. தாங்கள் இருக்கும் பாச்சாங்கிற்கும் பெம்பானுக்கும் இடையே அரை மணி நேரப் பயணம்தான். ஆயினும் அழைக்காத வீட்டின் படியேறுவது முறையன்று என்பதால் அஞ்சல் வழியே எழுதுகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எஞ்சியவை அனைத்தும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே கற்றவை. இதையும் அவ்வாறே கற்றேன். என் மகன் நிவேந்திரனின் கைப்பேசி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது; என் எண்ணை அதில் போட்டு நான்தான் பயன்படுத்தி வருகிறேன். அதில் அவன் கணக்கைத் திறந்து, ஆங்கில விளக்கப் பக்கத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து எழுதினேன். நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பாருங்கள்.

அவனுடைய படங்களும் காணொளிகளும் இணையத்தில் எங்கோ உள்ள ஒரு கிடங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கிடங்கில் ஒவ்வொரு கணக்கிற்கும் பதினைந்து ஜிபி இடம் இலவசம். மேற்கொண்டு வேண்டுவோர் கட்டணம் செலுத்த வேண்டும். தாங்கள் கட்டணம் செலுத்தி, குடும்பம் என்று ஒன்றை அங்கே அமைத்து, அதில் என் மகனைச் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் இருக்கும் வரையில்தான் அவனுடைய அறுபத்தொரு ஜிபிக்கும் இடம் உண்டு. தாங்கள் குடும்பத்தைக் கலைத்தால் அவன் மீண்டும் பதினைந்திற்குள் அடங்கியாக வேண்டும். அளவு மீறிய கணக்கில் உள்ளவை நீக்கப்படலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டணத்தை நானே செலுத்தி அவன் பெயரிலேயே இடம் வாங்கலாம் என்று முயன்றேன். உரியவர்தானா என்று உறுதிசெய்ய அவனுடைய பழைய எண்ணுக்குக் குறியீடு ஒன்றை அனுப்புகிறார்கள். அவனைப் பறித்த விபத்து நடந்த மாதமே அந்த எண்ணை நாம் நிறுத்திவிட்டோம்.

கிடங்கில் என்ன இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலைக்கிடையே ஓய்வு கிடைக்கும்போதும், வீட்டில் விடுமுறை நாளிலும், எனக்காக அவன் எடுத்தனுப்பிய பாடங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் குரல் அனுப்புவது எப்படி, மருத்துவமனைக்கு நாள் குறிப்பது எப்படி, எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று ஒவ்வொன்றையும் 'மா' என்று அழைத்துத் தொடங்குவான். அவன் குரலில் அந்த 'மா' வேறெங்கும் இல்லை. அந்தி விளக்கேற்றியதும் நாள்தோறும் ஒரு பாடம் கேட்பேன். எல்லாம் கற்றுவிட்ட பாடங்கள்தாம்.

பென்டிரைவில் எடுத்துத் தருவதாகக் கைப்பேசிக் கடைக்காரர் பெரியதம்பி சொன்னார். கருமக்கிரியைப் படங்களையும் அப்படித்தான் எடுத்து வைத்தோம். ஆண்டு திரும்புவதற்குள் அது திறக்க மறுத்துவிட்டது. அதை நம்பி என் மகனை ஒப்படைக்க மாட்டேன்.

ஆண்டுத் திதிக்குத் தாங்கள் வரவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை. குடும்பத்தை ஏன் கலைக்கிறீர்கள் என்றும் கேட்க மாட்டேன். கலைக்க வேண்டாம் என்று கேட்கும் உரிமை மட்டும் எனக்கு இன்னும் இருப்பதாக எண்ணிக் கேட்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்,
கமலவேணி தங்கராஜு


பெம்பான்
3 ஆகஸ்ட் 2025

ஷாந்தினிக்கு,

முறைப்படி நலம் விசாரித்துத் தொடங்க இன்று என்னால் இயலவில்லை. முந்தைய கடிதம் உன் கைக்கு வந்ததா என்றும் தெரியவில்லை. இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நான் பெரும் பிழை ஒன்று செய்துவிட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி, வெள்ளிக்கிழமை காலை பெரியதம்பியின் கடைக்குச் சென்றேன். நீ குடும்பத்தைக் கலைக்கும் முன் அவன் கணக்கைக் குறைத்துவிட்டால் எதுவும் போகாது என்று கணக்கிட்டேன். பெரியதம்பி ஒரு பக்கத்தைத் திறந்தார். பெரிய அளவுள்ளவை மேலே, சிறியவை கீழே என்று அது தானே வரிசைப்படுத்திக் காட்டியது.

"பெருசா உள்ளதெல்லாம் டிக் பண்ணுங்க ஆன்ட்டி. போன்லயும் இருக்கு, மேலயும் இருக்கு. ஒரே சாமான் ரெண்டு எடத்துல எதுக்கு?" என்றார்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூலம் ஒன்று, நகல் ஒன்று என்றால் நகலை நீக்குவதில் தவறென்ன? நீக்கினேன். இடையில் ஆள் வந்து அவர் வேறு கைப்பேசியைப் பார்க்கப் போய்விட்டார். நான் மேலிருந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். நெருக்கமாக இருந்த சின்னஞ்சிறு படங்களில் எது எது என்று முழுதாகப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர், "இப்ப தோங் சம்பாவையும் கொட்டிட்டீங்கன்னா எடம் வந்துரும்" என்றார். நீக்கியவை ஒரு குப்பைத் தொட்டியில் சேர்ந்திருக்கின்றனவாம். அதைக் கொட்டினால்தான் வேலை முடியுமாம். நான் மறுத்தேன். அன்று ஆடி வெள்ளி. வெள்ளிக்கிழமையில் என் வீட்டிலிருந்து குப்பை வெளியே போனதில்லை. உனக்கே தெரியும், நீ இங்கிருந்தபோது ஒருமுறை முறத்தோடு உன்னை வாசலில் தடுத்திருக்கிறேன்.

பெரியதம்பி சிரித்தார். "இது ஆகாசத்துல உள்ள குப்பை ஆன்ட்டி. வீட்டுக் குப்பை இல்லலா."

"குப்பை எங்கிருந்தாலும் கொட்டுவது என் கை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தியில் விளக்கேற்றினேன். பாடம் கேட்கக் கைப்பேசியை எடுத்தேன். ஒன்றுகூட இல்லை. கைப்பேசியில் இல்லை, கணக்கிலும் இல்லை. இரண்டு என்று எண்ணினேன், ஷாந்தினி. ஒன்றே ஒன்றுதான் இரண்டு இடத்தில் தெரிந்திருக்கிறது. இங்கே அழித்ததும் அங்கேயும் அழிந்துவிட்டது.

இதில் எனக்கு விளங்காத கொடுமை ஒன்று உண்டு. எண் குறையவே இல்லை. அன்றும் அறுபத்தொன்று, இன்றும் அறுபத்தொன்று. அவனும் போய்விட்டான், இடமும் வரவில்லை.

நேற்றும் இன்றும் அந்தக் கைப்பேசியை முழுக்கத் துழாவிவிட்டேன். இன்னும் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சி இப்போது ஒரு துணியில் சுற்றி மேசை மேல் வைத்திருக்கிறேன். பெரியதம்பி உறவினர் திருமணத்திற்கு ஜொகூர் சென்றிருக்கிறார். புதன்கிழமை கடை திறக்கும். போனது போகட்டும், தொட்டியைக் கொட்டச் சொல்லி இடத்தையாவது மீட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவன் எடுத்த சிறு படங்கள் சிலவாவது எஞ்சியிருக்கும். அவற்றுக்கு இடம் வேண்டும்.

உன்னிடம் ஏதேனும் நகல் உண்டா? ஒரு பாடம் போதும். எந்தப் பாடமானாலும் போதும்.

கமலவேணி


5 ஆகஸ்ட் 2025, குறுஞ்செய்தி

அத்தை தோங் சம்பாவ கொட்டாதீங்க. பெரியதம்பி அங்கிள்கிட்ட போனையே குடுக்காதீங்க. லெட்டர் எழுதறேன். கொட்டலன்னு மட்டும் எனக்கு உடனே போடுங்க.


பாச்சாங்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஷாந்தினி எழுதுவது. 'கொட்டவில்லை' என்று ஒரே சொல்லில் நீங்கள் அனுப்பிய பதிலை ஆபீஸ் படிக்கட்டில் நின்று படித்தேன். அதன் பிறகுதான் உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். அரை மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன். அதனால்தான் போனையும் எடுக்கவில்லை. என் தமிழ் உங்கள் தமிழ் மாதிரி வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முக்கியமானது. எதுவும் போகவில்லை. நீங்கள் அழித்ததெல்லாம் அந்தத் தொட்டியில் அப்படியே கிடக்கிறது. தொட்டியில் கிடப்பதற்கும் இடம் கணக்குதான். அதனால்தான் எண் குறையவில்லை. செப்டம்பர் கடைசி வரை அங்கே இருக்கும், அப்புறம் தானாகப் போய்விடும். தொட்டியைத் திறந்து, வேண்டியதை ஒவ்வொன்றாகத் தொட்டு, கீழே 'மீட்டெடு' என்பதை அமுக்குங்கள். பழைய இடத்துக்கே வந்துவிடும். 'எல்லாவற்றையும் காலி செய்' என்று மேலே ஒன்று இருக்கும். அதன் பக்கம் விரலே போக வேண்டாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இல்லாமல் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும். அந்த முறத்துச் சண்டைக்கு அன்று உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?

இன்னொன்று. பிளானை மூடினால் உடனே எதுவும் அழியாது. புதிதாக எதுவும் ஏறாது, மெயில் வராது, அவ்வளவுதான். அளவைக் குறைக்காமலே ரொம்ப நாள் விட்டால்தான் அழிப்பார்கள். இதை முதலிலேயே விளக்கமாக எழுதியிருக்கலாம். அந்த ரெண்டு வரி மெசேஜ் அடிக்கவே அன்று ஒரு மணி நேரம் ஆனது எனக்கு.

ஏன் மூடுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

அந்தக் குடும்பப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே அவர் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறார் என்று ஒரு எண் இருக்கும். மாதா மாதம் பணம் கட்டும்போது கண்ணில் படும். அவர் போனபோது இருபத்திரண்டு. அடுத்த மாதம் பார்க்கிறேன், இருபத்து நான்கு. அப்புறம் இருபத்தாறு. போனவருடைய எண் எப்படி ஏறும் அத்தை? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் என்னை எந்தக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவார்களோ. ஒரு நாள் தாங்க முடியாமல் அவருடைய முகவரிக்கே ஒரு மெயில் போட்டேன். 'நீங்களா?' என்று. பதில் வரவில்லை என்று அழுதேன். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. எண் மட்டும் மாதா மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. திதிக்கு நான் வராததற்கு அதுதான் காரணம். அவர் படத்துக்கு முன்னால் நின்று கும்பிடப் பயமாக இருந்தது.

உங்கள் முதல் கடிதத்தில் 'நான்தான் பயன்படுத்தி வருகிறேன்' என்று படித்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். உங்கள் கோயில் மகளிர் குழுவில் தினம் வருமே, பூவும் விளக்கும் முருகனும், 'இனிய காலை வணக்கம்' என்று, அப்புறம் பாட்டு வீடியோக்கள். அத்தனையும் அவருடைய போனில் இறங்கி, தானாக அவருடைய கணக்கில் ஏறியிருக்கிறது. ஒன்றரை வருடமாக உங்கள் பூக்களைப் பார்த்துத்தான் நான் பயந்திருக்கிறேன். உங்கள் மேல் கோபமில்லை. சிரிப்பதா அழுவதா என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் மூடத்தான் வேண்டும் அத்தை. அக்டோபரில் எனக்குக் கல்யாணம். உங்களுக்குத் தெரிந்தவர்தான், ரெஜினால்ட். உங்கள் மகனோடு ஃபேக்டரியில் ஒரே லைனில் வேலை செய்தவர். சர்ச்சில் நடக்கும். ரெஜினால்ட் வீட்டில் அவர், அவருடைய அம்மா செலினா ஆன்ட்டி, தங்கை எல்லாரும் ஒரு குடும்பமாக இருக்கிறார்கள், அந்தக் கணக்கில். என்னையும் சேரச் சொன்னார்கள். சேரப் போனால், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தில்தான் இருக்க முடியும் என்று வருகிறது. ரெண்டு நாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேராமலும் இருக்கலாம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நான் போக வேண்டும் என்று நானேதான் முடிவு செய்தேன்.

இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன். என்னை மறுபடி 'தாங்கள்' என்று எழுதாதீர்கள். திட்டுவதாக இருந்தால் நீ என்றே திட்டுங்கள்.

ஷாந்தினி


பெம்பான்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷாந்தினிக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதத்திற்கு உடனே மறுமொழி எழுதாமைக்கு மன்னிப்பாயாக. எழுதும் முன் செய்து முடிக்க வேண்டியவை சில இருந்தன.

நீ எழுதியபடியே தொட்டியைத் திறந்தேன். என் பிள்ளையின் முகம் சின்னஞ்சிறு கட்டங்களாக வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. பார்க்கக் கூடாத காட்சி அது. ஒவ்வொன்றாகத் தொட்டு மீட்டேன். இடையிடையே தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தேன்.

மீட்டவற்றுள் நான் மறந்தே போன பாடம் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தேன். "மா, எடம் ரொம்பிருச்சுன்னு காட்டுதுன்னு பயந்தீங்கள்ல? பயப்படாதீங்க. அழிச்சா ஒடனே போய்டாது. தோங் சம்பால கொஞ்ச நாள் கெடக்கும். நாம கொட்டுனாதான் போகும்" என்கிறான். பின்னால் அடுப்படியிலிருந்து உன் குரல் கேட்கிறது. "அத்தைக்கு மெதுவா சொல்லுங்கலா. அவங்க எழுதிக்கிறாங்க." அவன் திரும்பி உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பாடம் அதோடு நின்றுவிடுகிறது. இத்தனை நாள் இந்தப் பாடங்களில் அவன் குரலை மட்டுமே கேட்டிருக்கிறேன். இப்போது முதலிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் நீயும் இருக்கிறாய். பாத்திரம் கழுவும் ஓசை, இருமல், "யாருங்க, அத்தையா?" என்னும் கேள்வி.

பிறகு பூக்களைப் பார்த்தேன். காலைதோறும் எனக்கு வந்த பூக்களையும் தெய்வங்களையும் அவை உன்னை அச்சுறுத்திக்கொண்டிருந்ததை அறியாமல் ஒன்றரை ஆண்டு வணங்கியிருக்கிறேன். என் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். என்னுடையவை இனி அதில் சேரும்படி மாற்றினேன். பழையவற்றைத் தேர்ந்து நீக்கி, தொட்டியிலிருந்தும் அவற்றை மட்டும் பிரித்து நீக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் தொடவில்லை. அவன் எண் குறைந்துகொண்டே வந்து, நேற்று இருபத்திரண்டில் நின்றது; அதில் பதினான்கு தொட்டியில் இன்னும் கிடக்கும் ஒன்றினுடையது, கழித்தால் எட்டு. அவன் அளவு அவ்வளவுதான். பாடங்கள், சிறு படங்கள், நீ அனுப்பிய அந்த ஒற்றை வரி அஞ்சல். அதையும் படித்தேன். அதை நீக்கவில்லை. அது எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டது என்று தேடினேன். ஒன்றுமே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே என் மகன் இனி பதினைந்திற்குள் தனியாக நிற்பான். அவனுக்காக நீ குடும்பத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. மாத இறுதிவரை காத்திராமல் நீ நினைக்கும் நாளில் மூடிக்கொள்ளலாம்.

ரெஜினால்டை நினைவிருக்கிறது. கருமக்கிரியை அன்று எல்லாரும் போன பிறகு, வாடகை நாற்காலிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை. சாப்பிடச் சொன்னேன். சாப்பிடாமல் போய்விட்டார். உன் செய்தியைப் படித்து மகிழ்ந்தேன் என்று எழுத இருமுறை தொடங்கினேன். எழுதுகோல் நகரவில்லை. உண்மையல்லாததை அழகாக எழுத நான் கற்கவில்லை. திட்டவும் தோன்றவில்லை. இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன். என் மகனை அறிந்தவள் நீ ஒருத்தி இருந்தாய். நீயும் வேறொரு குடும்பத்திற்குப் போன பிறகு, அவனைப் பற்றி நான் யாரிடம் பேசுவது என்பதுதான் விளங்கவில்லை. இதற்கு அகராதியில் விடை இல்லை.

இனி நான் எழுத வந்த செய்தி. தொட்டியில் ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் திருமணக் காணொளிப் படம். அளவில் பெரியது என்று அன்று வரிசையில் முதலாக இருந்தது அதுதான். நான் முதலில் தொட்டதும் அதைத்தான். பதினான்கு ஜிபி. அவனுடைய எட்டோடு அதுவும் சேர்ந்தால் பதினைந்தில் அடங்காது. இதற்கு வழியில்லாமல் இல்லை. என் புதுக் கணக்கிற்கு மாற்றித் தருவதாகப் பெரியதம்பி சொல்கிறார். நான் வழி கேட்கவில்லை. என் மகனின் பாடங்கள் எனக்கு அனுப்பப்பட்டவை. அவற்றை எடுக்க எவரையும் நான் கேட்கவில்லை. அந்தப் படம் அப்படியன்று. அதில் மணமகள் நீ. அக்டோபரில் நீ இன்னொருவருக்கு மனைவியாகிய பிறகு, நீ தாலி ஏற்கும் காட்சியை பெம்பானில் ஒரு கிழவி அந்திதோறும் விளக்கின் முன் போட்டுப் பார்ப்பதை நீ விரும்புவாயா என்று எனக்குத் தெரியவில்லை. ரெஜினால்டின் தாயார் விரும்புவாரா என்றும் தெரியவில்லை. அதனால் அதை நான் மீட்கவுமில்லை, கொட்டவுமில்லை. திறந்து பார்க்கவும் இல்லை. அதன் மேல் நாள் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் எழுந்ததும் இப்போது பூக்களைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.

நான் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா, அல்லது அதன் போக்கில் விட்டுவிடட்டுமா என்று நீ சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் எடுக்க மாட்டேன்; ஏனென்றும் கேட்க மாட்டேன். நீ எழுதாமலே இருந்துவிட்டால் செப்டம்பர் இறுதியில் அது தானே போய்விடும். அதுவே உன் பதில் என்று நான் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடாதே, அம்மா.

விரைவில் பதில் எழுதவும்.

அத்தை,
கமலவேணி